உலகம் முழுக்கக் கடன்: மன்னார்குடியில் இருப்பவர் எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்?

மன்னார்குடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அமெரிக்க அரசின் கடன் 38 லட்சம் கோடி டாலருக்கு மேல், ஜப்பான் அரசின் கடன் அந்த நாட்டின் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கு மேல், சீனாவில் பெரிய வீட்டு மனை நிறுவனம் திவால் என்று தினமும் செய்தி வருகிறது. வங்கிகள் எல்லாம் ஒருநாள் சேர்ந்து விழுந்துவிடுமா? அப்பா பெயரில் ஒரு வங்கியில் 9 லட்சம் டெபாசிட் இருக்கிறது, அம்மா பெயரில் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தில் 3 லட்சம் இருக்கிறது. எல்லாவற்றையும் எடுத்து நகையாக வாங்கிவிடலாமா? இதுதான் கேள்வி.

தம்பி, பயந்துகொண்டு எல்லாவற்றையும் எடுக்க வேண்டாம். ஆனால் அந்த இரண்டு டெபாசிட்டும் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கவும் கூடாது. அதற்கான காரணத்துக்கும் அமெரிக்காவின் 38 லட்சம் கோடிக்கும் சம்பந்தம் குறைவு. தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டக் கிளைகளில் பயிர்க்கடனும் நகைக்கடனும் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். உலகக் கணக்கையும் ஊர்க் கணக்கையும் சேர்த்தே சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில், கடனின் மொத்த அளவை வைத்து ஆபத்தைக் கணிக்கிற பழக்கத்தை விட வேண்டும். 2007-ல் அயர்லாந்து அரசின் கடன் அதன் ஆண்டு உற்பத்தியில் சுமார் 25 சதவீதம்தான். ஸ்பெயினுக்குச் சுமார் 36 சதவீதம். அன்றைக்கு ஐரோப்பாவில் இவர்களைப் போல ஒழுங்கான கணக்கு வைத்திருந்த அரசுகள் குறைவு. அதே ஆண்டில் ஜப்பான் அரசின் கடன் இவர்களைவிடப் பல மடங்கு. அடுத்த ஐந்து ஆண்டுகளில் மண்டியிட்டது அயர்லாந்தும் ஸ்பெயினும்தான். காரணம், அங்கே அரசு வாங்காத கடனை மக்களும் கட்டுமான முதலாளிகளும் வாங்கிக் குவித்திருந்தார்கள். வீட்டு விலை சரிந்ததும் வங்கிகள் ஆட்டம் கண்டன. 2008 செப்டம்பரில் அயர்லாந்து அரசு தன் வங்கிகளின் பொறுப்புகளுக்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்தது. அத்தோடு அந்தத் தனியார் கடன் அரசின் தலையில் ஏறி, 2012-ல் அரசின் கடன் சுமார் 120 சதவீதமாகிவிட்டது. ஒரு நாட்டைப் பார்க்கும்போது அரசின் கடன், நிறுவனங்களின் கடன், குடும்பங்களின் கடன் மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். நெருக்கடி வந்தால் கடன் கை மாறும்.

அளவைவிட நான் பார்ப்பது மூன்று விஷயங்கள். கடன் எவ்வளவு வேகமாக வளர்கிறது? எந்த வருமானத்தைக் காட்டித் திருப்பிக் கட்டப் போகிறார்கள்? பணம் கொடுத்தவர் நாளைக்கே திருப்பிக் கேட்டால் எடுத்துக் கொடுக்க வழி இருக்கிறதா?

இரண்டாவது கேள்வியை நம் ஊர் நகைக்கடனை வைத்துச் சொல்கிறேன். குறுவை நடவுக்கு நகையை வைத்துவிட்டு, கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் கணக்கில் ஏறியதும் அசலும் வட்டியும் கட்டி நகையை மீட்டுப் போகிறவர் ஒருவர். வட்டியை மட்டும் கட்டிவிட்டு அதே நகையைத் திருப்பி வைக்கிறவர் இன்னொருவர். அவருடைய விளைச்சல் வட்டிக்குப் போதும், அசலுக்குப் போதாது. வட்டி கட்டவும் கையில் இல்லாமல், தங்கம் விலை ஏறியிருப்பதால் அதே நகைக்குக் கூடுதல் தொகை வாங்கிப் பழைய வட்டியைக் கழிப்பவர் மூன்றாமவர். ஹைமன் மின்ஸ்கி என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஒரு நாட்டின் கடனாளிகளை ஏறக்குறைய இதே மாதிரி மூன்றாகப் பிரித்தார். நல்ல காலம் நீண்டுகொண்டே போனால் முதல் வகையினர் குறைந்து இரண்டாம், மூன்றாம் வகையினர் பெருகுவார்கள் என்பது அவர் கண்டது. அவர் 1996-ல் இறந்துவிட்டார். 2008 நெருக்கடி வந்த பிறகுதான் உலகம் அவரைத் தேடிப் படித்தது. மூன்றாம் வகைக் கடன் நிற்பது அடகுப் பொருளின் விலை ஏறிக்கொண்டே இருக்கும் வரைதான். விலை இறங்கக்கூட வேண்டாம், ஏறாமல் நின்றாலே போதும், அது உடைந்துவிடும்.

வேகம் ஏன் முக்கியம் என்றால், வங்கி கடன் கொடுக்கும்போது புதுப் பணம் பிறக்கிறது. ஒருவருக்கு 10 லட்சம் கடன் என்றால் அந்த 10 லட்சத்தை அவர் கணக்கில் வரவு வைக்கிறார்கள். அவர் மனை வாங்குகிறார், விற்றவர் கணக்கில் அது டெபாசிட்டாக ஏறுகிறது. இப்படிப் பல பேர் மனை வாங்கினால் மனை விலை ஏறும். விலை ஏறினால் அதே மனைக்கு வங்கி இன்னும் கூடுதலாகக் கடன் கொடுக்கும். ஏறுகிற காலத்தில் வராக்கடன் விகிதம் மிகவும் குறைவாகத் தெரியும், ஏனென்றால் கட்ட முடியாதவர்கூட விற்று அடைத்துவிட முடியும். மோரிட்ஸ் ஷுலாரிக், ஆலன் டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 14 நாடுகளின் 1870 முதல் 2008 வரையான கணக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். நிதி நெருக்கடிக்கு முன்னால் வந்த அறிகுறிகளில் மிகத் தெளிவானது, கடன் அசாதாரண வேகத்தில் வளர்ந்ததுதான். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் இருக்கும் சர்வதேசத் தீர்வு வங்கி இதற்காகவே ஓர் அளவுகோல் வைத்திருக்கிறது. நாட்டின் உற்பத்தியோடு ஒப்பிட்ட தனியார் கடன், அதன் சொந்த நீண்டகாலப் போக்கைவிட 10 சதவீதப் புள்ளிக்கு மேல் தாண்டினால் எச்சரிக்கை மணி.

சீனாவில் அந்த அளவு 2016-ல் சுமார் 30 புள்ளியைத் தொட்டது.

சீனாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இப்போது உலகத்தில் நடக்கிற கடன் கதைகளில் பெரியது அதுதான். 2008 நவம்பரில், அமெரிக்க நெருக்கடியின் தாக்கத்தைச் சமாளிக்க சீனா 4 லட்சம் கோடி யுவான் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. அந்தப் பணத்தில் பெரும்பகுதி வங்கிக் கடனாகவும் உள்ளூர் அரசுகள் தொடங்கிய தனி நிறுவனங்களின் கடனாகவும் போனது. அரசு, நிறுவனம், குடும்பம் மூன்றும் சேர்ந்த கடன் 2008-ல் ஆண்டு உற்பத்தியில் சுமார் 140 சதவீதமாக இருந்தது. இப்போது கிட்டத்தட்ட 300 சதவீதம். ரயிலும் பாலமும் வந்தன, அது உண்மை. ஆனால் வீட்டு மனைத் தொழிலும் அதைச் சார்ந்தவையும் நாட்டின் உற்பத்தியில் ஏறக்குறைய கால் பங்கு என்ற அளவுக்கு வீங்கின. வீடு கட்டி முடிப்பதற்கு முன்பே மக்களிடம் முழுப்பணம் வாங்கி, அந்தப் பணத்தில் அடுத்த நிலத்தை வாங்குவதுதான் கட்டுமான நிறுவனங்கள் ஓடிய விதம். 2020 ஆகஸ்டில் அரசே "மூன்று சிவப்புக் கோடுகள்" என்று கடன் வரம்பு போட்டது. 30,000 கோடி டாலருக்கு மேல் பொறுப்பு வைத்திருந்த எவர்கிராண்ட் என்ற கட்டுமான நிறுவனம் 2021 டிசம்பரில் தவணை தவறியது. 2024 ஜனவரியில் ஹாங்காங் நீதிமன்றம் அதைக் கலைக்க உத்தரவிட்டது. இடையில் 2023-ல் இன்னொரு பெரிய கட்டுமான நிறுவனமான கன்ட்ரி கார்டனும் தவறியது. 2022-ல் பாதியில் நின்ற வீடுகளுக்குத் தவணை கட்ட மாட்டோம் என்று பல ஊர்களில் மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஹெனான் மாகாணத்தில் சில கிராமப்புற வங்கிகளில் டெபாசிட் முடங்கி, பணம் போட்டவர்கள் ஜெங்ஜோ நகரில் போராடினார்கள்.

ஆனாலும் சீனாவில், 2008-ல் விழுந்த அமெரிக்க முதலீட்டு வங்கி லேமன் பிரதர்ஸ் மாதிரி ஒரே இரவில் எல்லாம் சரியும் என்று நான் நினைக்கவில்லை. பெரிய வங்கிகள் அரசுடையவை, கடன் பெரும்பாலும் அவர்களுடைய சொந்த நாணயத்தில் இருக்கிறது, பணம் வெளிநாட்டுக்கு ஓடக் கட்டுப்பாடு உண்டு. 2024 நவம்பரில் உள்ளூர் அரசுகளின் மறைவுக் கடனை மாற்றியமைக்க 10 லட்சம் கோடி யுவான் திட்டம் வந்தது. 2025-ல் நான்கு பெரிய அரசு வங்கிகளுக்கு 50,000 கோடி யுவான் மூலதனம் போட்டார்கள். அங்கே என்னைக் கவலைப்படுத்துவது வேறு, விலை இறக்கம். 2023 நடுவிலிருந்து சீனாவின் ஒட்டுமொத்த விலைக் குறியீடு தொடர்ந்து இறங்குமுகத்தில் இருந்திருக்கிறது. விலையும் வருமானமும் இறங்கும்போது கடன் மட்டும் பழைய தொகையிலேயே நிற்கும்.

இது டெல்டாக்காரர்களுக்குப் புதிதில்லை. 1930-களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது தஞ்சை ஜில்லாவில் 1920-களின் விலையை நம்பிக் கடன் வாங்கியவர்களெல்லாம் சிக்கினார்கள். ஒரு மூட்டை விற்று அடைத்திருக்க வேண்டிய கடனுக்கு இரண்டு மூட்டை விற்க வேண்டியிருந்தது. கடல் தாண்டி ஐராவதி டெல்டாவில் இதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. பர்மிய விவசாயிகளுக்கு நிலத்தின் பேரில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொடுத்திருந்த கடன் திரும்பவில்லை. அங்கே முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் அவர்கள் கையில் இருந்த நிலம் சுமார் 6 சதவீதம், 1938-ல் 25 சதவீதம். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. கடன் வராததால் நிலம் வந்தது, அந்த நிலத்தை விற்றுப் பணமாக்க வழியில்லாமல் அவர்களும் முடங்கினார்கள், நிலம் இழந்தவர்களின் கோபமும் சேர்ந்துகொண்டது. இங்கே 1938-ல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்து பழைய கடன்களைக் குறைத்தது. இதே காலத்தைப் பார்த்துத்தான் 1933-ல் இர்விங் ஃபிஷர் என்ற அறிஞர், விலை இறங்கும்போது எல்லோரும் கடனை அடைக்க அவசரப்பட்டு விற்பதாலேயே மீதிக் கடனின் பாரம் கூடுகிறது என்று விளக்கினார். சீனாவின் பெரிய ஆபத்து இந்த வகையில் இருக்கிறது. மெதுவாக, பல ஆண்டுகள் இழுக்கும்.

ஜப்பான் அப்படி இழுத்ததைப் பார்த்தோம். 1989 டிசம்பரில் டோக்கியோ பங்குச் சந்தைக் குறியீடு தொட்ட உச்சத்தை மறுபடி தாண்டியது 2024 பிப்ரவரியில். முப்பத்து நான்கு ஆண்டுகள். அரசின் கடன் பயங்கரமாகத் தெரிந்தாலும் அது யென்னில், பெரும்பாலும் உள்நாட்டிலேயே இருக்கிறது, ஏறக்குறைய பாதியை அவர்கள் மத்திய வங்கியே வைத்திருக்கிறது. அங்கிருந்து வெளியே வரக்கூடிய ஆபத்து, குறைந்த வட்டிக்கு யென்னில் கடன் வாங்கி உலகம் முழுக்க முதலீடு செய்தவர்கள் வட்டி ஏறும்போது ஓடுவது. 2024 ஜூலை இறுதியில் ஜப்பான் மத்திய வங்கி வட்டியை வெறும் 0.25 சதவீதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோ சந்தை ஒரே நாளில் 12 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

அமெரிக்காவுக்கு வருவோம். 2008-க்கு முன் அங்கே கடன் மக்கள் தலையில் இருந்தது. குடும்பங்களின் கடன் ஆண்டு உற்பத்தியை நெருங்கியிருந்தது. இப்போது அது சுமார் 70 சதவீதம். மக்கள் இறக்கி வைத்த சுமையை அரசு ஏற்றிக்கொண்டது. டாலரில் வாங்கிய கடனை டாலர் அச்சடிக்கும் நாடு கட்ட முடியாமல் போவது நடக்காது. ஆனால் வட்டிச் சுமை கூடிவிட்டது. 2024 நிதியாண்டில் நிகர வட்டிக்கு மட்டும் சுமார் 88,000 கோடி டாலர் போனது, அது ராணுவச் செலவைத் தாண்டியது. 2011-ல் எஸ் அண்ட் பி, 2023-ல் ஃபிட்ச், 2025 மே மாதத்தில் மூடிஸ் என்று மூன்று கடன் தர மதிப்பீட்டு நிறுவனங்களும் அமெரிக்காவின் உச்சத் தரத்தை எடுத்துவிட்டன. நான் எதிர்பார்ப்பது அமெரிக்கா கைவிரிப்பதை இல்லை. உலகம் முழுக்க நீண்டகால வட்டி உயர்ந்தே இருப்பதையும், டாலரின் மதிப்பு மெல்லக் கரைவதையும்தான்.

வட்டி உயர்ந்தால் வங்கிக்கு என்ன ஆகும் என்பதற்கு 2023 மார்ச் மாதத்தைவிடத் தெளிவான பாடம் கிடையாது. கலிஃபோர்னியாவின் சிலிக்கான் வேலி வங்கி ஏமாற்றுப் பேர்வழிகளுக்குக் கடன் கொடுத்து விழவில்லை. வாடிக்கையாளர் பணத்தை அமெரிக்க அரசுப் பத்திரங்களிலும் அரசின் ஆதரவுள்ள வீட்டுக்கடன் பத்திரங்களிலும் போட்டு வைத்திருந்தது. வட்டி பூஜ்யத்தை ஒட்டி இருந்த காலத்தில் வாங்கிய நீண்டகாலப் பத்திரங்கள் அவை. 2022 மார்ச்சிலிருந்து ஓராண்டுக்குள் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 4.5 சதவீதத்துக்கு மேல் கொண்டுபோனது. புதுப் பத்திரம் 5 சதவீதம் கொடுக்கும்போது ஒன்றரை சதவீதப் பத்திரத்தை முழு விலைக்கு யார் வாங்குவார்? 2022 முடிவில் அமெரிக்க வங்கிகள் கையில் இருந்த பத்திரங்களில், விற்காததால் கணக்கில் எழுதப்படாத நஷ்டம் மொத்தம் சுமார் 62,000 கோடி டாலர். டெபாசிட்தாரர்கள் பணத்தைக் கேட்காதவரை அது வெளியே தெரியாது. மார்ச் 9 அன்று ஒரே நாளில் 4,200 கோடி டாலர் கேட்டார்கள், வரிசையில் நின்று அல்ல, கைபேசியில். மறுநாள் வங்கியை மூடினார்கள். அந்த வங்கி டெபாசிட்டில் 90 சதவீதத்துக்கு மேல், வங்கி விழுந்தால் உறுதியாகத் திரும்பக் கிடைக்கும் காப்பீட்டு வரம்பைத் தாண்டியது, அதனால்தான் எல்லோரும் அவ்வளவு வேகமாக ஓடினார்கள். பத்து நாளுக்குள் 1856-ல் தொடங்கிய சுவிட்சர்லாந்தின் கிரெடிட் சூயிஸ் வங்கி, யுபிஎஸ் வங்கியின் கைக்குப் போனது.

ஐரோப்பாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இத்தாலிக்கு 135 சதவீதம், பிரான்ஸுக்கு 110-க்கு மேல் என்று அரசுக் கடன் இருக்கிறது. யூரோவைத் தனித்தனி நாடு அச்சடிக்க முடியாது என்பதால் ஜப்பானுக்கு இருக்கிற வசதி இவர்களுக்கு இல்லை. இருந்தும் அவர்கள் வங்கிகள் 2012-ஐவிட இப்போது உறுதியாக இருக்கின்றன. உலகம் முழுக்க எனக்கு உறுத்துவது, வங்கி அல்லாத நிறுவனங்கள் நேரடியாகக் கடன் கொடுக்கும் தனியார் கடன் தொழில். அது ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது, கணக்கு வெளியே தெரிவதில்லை. 2022 செப்டம்பரில் பிரிட்டனின் பட்ஜெட் அறிவிப்புக்குப் பிறகு அரசுப் பத்திர விலை சரிந்தபோது ஆட்டம் கண்டது வங்கி இல்லை, ஓய்வூதிய நிதிகள். அந்த நாட்டு மத்திய வங்கியான பாங்க் ஆஃப் இங்கிலாந்து 6,500 கோடி பவுண்டு வரம்பு அறிவித்துப் பத்திரங்களை வாங்கித்தான் நிறுத்தியது.

சரி, இதெல்லாம் மன்னார்குடிக்கு எப்படி வந்து சேரும்?

வங்கி வழியாக நேரடியாக வருவது இன்று குறைவு. 1906-ல் அப்படி வந்தது. சென்னையில் டெபாசிட் வாங்கிய அர்பத்நாட் கம்பெனி, லண்டனில் இருந்த அதன் கூட்டு நிறுவனம் சூதாட்ட முதலீடுகளில் இழந்ததால் அக்டோபரில் விழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு போனது. அந்த அடியிலிருந்து, திருவிடைமருதூரில் பிறந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று எடுத்த முயற்சியால் 1907-ல் இந்தியன் வங்கி தொடங்கியது. நம் பணத்தை நம் ஊர் தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் அப்போதே இங்கே இருந்தது. கும்பகோணத்தில் 1904-லேயே கும்பகோணம் வங்கி வந்துவிட்டது, இன்றைய சிட்டி யூனியன் வங்கி அதுதான்.

இன்றைக்கு உலக நெருக்கடி டெல்டாவுக்கு வருவது வேலை வழியாக. 2009 நவம்பரில் துபாய் அரசின் துபாய் வேர்ல்டு நிறுவனம் கடன் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்டது. கட்டடங்கள் பாதியில் நின்றன. வங்கிக்காரர்கள் பேசியது பத்திரங்களைப் பற்றி. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், நாகூர் மாதிரி ஊர்களுக்கு அது மணியார்டர் பிரச்சினை. கடன் வளர்ச்சி நின்றால் உலகத்தில் முதலில் நிற்பது கட்டுமானம், அங்கே வேலை செய்வது நம் பிள்ளைகள். திருப்பூருக்குப் போன பெண்களின் சம்பளமும் அமெரிக்க, ஐரோப்பியக் கடைகளின் ஆர்டரை நம்பியது. உங்கள் வீட்டில் யாராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருந்தால், அந்த வருமானத்தை நம்பி இங்கே பெரிய வீட்டுக்கடன் எடுப்பதற்கு முன் ஓராண்டுத் தவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்திய வங்கிகளைப் பொறுத்தவரை, 2018 மார்ச்சில் மொத்தக் கடனில் 11.2 சதவீதம் வராக்கடன். 2025 மார்ச்சில் சுமார் 2.3 சதவீதம். திவால் சட்டம், ரிசர்வ் வங்கியின் சொத்துத் தர ஆய்வு, அரசு போட்ட மூலதனம் எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. ஆனால் மேலே சொன்னதை நினைவில் வையுங்கள், ஏறுமுகக் காலத்தில் வராக்கடன் எப்போதும் குறைவாகவே தெரியும். பெரிய கம்பெனிகளிடம் சூடுபட்ட வங்கிகள் குடும்பங்களுக்குக் கடன் கொடுக்கத் திரும்பின. குடும்பங்களின் கடன் நாட்டின் உற்பத்தியில் 40 சதவீதத்தைத் தாண்டியிருக்கிறது. 2022-23-ல் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு சுமார் 5 சதவீதம் என்று பல பத்தாண்டுகளில் இல்லாத அளவுக்கு இறங்கியது. 2023 நவம்பரில் ரிசர்வ் வங்கி, ஈடு இல்லாத தனிநபர் கடன்களுக்கு வங்கிகள் கூடுதல் மூலதனம் ஒதுக்க வேண்டும் என்று பிரேக் போட்டது. அந்த முடிவைச் சரியான நேரத்தில் எடுத்தார்கள் என்றே நான் கருதுகிறேன்.

நம் டெல்டாவில் நான் பார்க்கிற ஆபத்து இரண்டு. ஒன்று மகளிர் குழுக் கடன். ஒரே பெண்மணிக்கு நான்கு கம்பெனிகளிலிருந்து கடன், ஒன்றின் தவணையைக் கட்ட இன்னொன்று. 2018 நவம்பரில் கஜா புயலில் பட்டுக்கோட்டை, பேராவூரணி, வேதாரண்யம் பக்கம் தென்னை விழுந்தது. புதுக்கன்று காய்க்க ஐந்தாறு வருடம் ஆகும், வாரத் தவணை அடுத்த வாரமே வரும். பணம் வரும் காலத்துக்கும் கட்டும் காலத்துக்கும் இருந்த இந்த இடைவெளிதான் அமெரிக்காவில் சிலிக்கான் வேலி வங்கியையும் வீழ்த்தியது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி கடன் கொடுக்கக் கூடாது என்று 2022-ல் விதி வந்தது. 2025-ல் கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு தனிச் சட்டம் இயற்றியது. விதி இருக்கிறது என்பதைப் பெண்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும், வீட்டு வாசலில் நின்று மிரட்டுவதைச் சகித்துக்கொள்ளத் தேவையில்லை.

இரண்டாவது, நகைக்கடன். வங்கிகளின் நகைக்கடன் நிலுவை 2025 மார்ச்சில் முந்திய ஆண்டைவிட இரண்டு மடங்குக்கு மேல். வேறு தலைப்பில் இருந்த கடன்களை இதில் மாற்றி எழுதியதும் அதில் கொஞ்சம் சேரும், ஆனாலும் வளர்ச்சி பெரிது. தங்கம் விலை ஏறியதால் அதே ஐந்து பவுனுக்குக் கூடுதல் தொகை. 2026 ஏப்ரல் 1 முதல் இரண்டரை லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்று விதி தளர்ந்தது. அவசரத்துக்கு இது நல்லது. திருப்பித் திருப்பி வைப்பவருக்கு இது கழுத்தில் விழும் சுருக்கு. தங்கம் எப்போதும் ஏறும் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர் போன தங்கம் அந்த விலையை மறுபடி தாண்டியது 2008-ல். 2011-ல் 1,900 டாலரைத் தொட்டது 2015 இறுதியில் 1,050-க்கு வந்தது. ரூபாய் மதிப்பு இறங்கியதால் நமக்கு அந்த அடி கொஞ்சம் குறைவாகத் தெரிந்தது, அவ்வளவுதான். டெபாசிட்டை உடைத்து நகை வாங்கினால் செய்கூலி, சேதாரம், வரி என்று வாங்கிய அன்றே ஒரு பங்கு போய்விடும். வீட்டு விசேஷத்துக்குத் தேவைப்படும் நகையை வாங்குங்கள். சேமிப்பு மொத்தத்தையும் அதில் போட வேண்டாம்.

இப்போது அப்பாவின் 9 லட்சம். 2020 பிப்ரவரி 4 முதல் டெபாசிட் காப்பீட்டு வரம்பு, ஒருவருக்கு ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம். ஒரே வங்கியின் மன்னார்குடிக் கிளையிலும் திருவாரூர்க் கிளையிலும் பிரித்துப் போட்டால் சேர்த்தே கணக்கிடுவார்கள், வங்கியே வேறாக இருக்க வேண்டும். கரூரில் 1926-ல் தொடங்கி, நம் பக்கத்து வியாபாரிகளால் வளர்ந்த லட்சுமி விலாஸ் வங்கி பெரிய கம்பெனிக் கடன்களுக்குப் போய்ச் சிக்கிக்கொண்டது. 2020 நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது, 27-ம் தேதி டிபிஎஸ் வங்கி இந்தியாவோடு இணைத்தார்கள். டெபாசிட்தாரர் ஒருவருக்கும் நஷ்டமில்லை. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு பைசா வரவில்லை. அதே ஆண்டு மார்ச்சில் யெஸ் வங்கி சிக்கியபோதும் டெபாசிட் தப்பியது, ஆனால் அந்த வங்கியின் 8,415 கோடி ரூபாய் ஏடி-1 பத்திரங்கள் (வங்கி சிக்கினால் திருப்பித் தராமலே கழித்துவிடக்கூடிய கடன் பத்திரங்கள்) ஒரே உத்தரவில் பூஜ்யமாயின. அதை டெபாசிட் மாதிரி நினைத்து வாங்கிய வயதானவர்கள் இருந்தார்கள். அதனால், கூடுதல் வட்டி தருகிறோம் என்று வங்கி கவுண்டரிலேயே யாராவது வேறு தாளை நீட்டினால், "இது காப்பீடு உள்ள டெபாசிட்டா?" என்று அப்பா கேட்கட்டும். 9 லட்சத்தை இரண்டு வங்கிகளில் நாலரை, நாலரையாக வைத்து, வட்டியைச் சேரவிடாமல் அவ்வப்போது எடுத்துக்கொண்டால் வரம்புக்குள் இருக்கும்.

அம்மாவின் 3 லட்சம்தான் இதில் முக்கியம். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களின் டெபாசிட்டுக்கு அந்த 5 லட்சம் காப்பீடு கிடையாது. மத்திய கூட்டுறவு வங்கிக்கு உண்டு, ஊர்ச் சங்கத்துக்கு இல்லை. வங்கி அல்லாத நிதி நிறுவனங்கள், உறுப்பினர்களிடம் மட்டும் டெபாசிட் வாங்கும் 'நிதி' கம்பெனிகள், ஏலச்சீட்டு எதற்கும் இல்லை. நம் சங்கங்கள் மோசம் என்று நான் சொல்லவில்லை, டெல்டாவில் பயிர்க்கடன் அவர்களால்தான் ஓடுகிறது, அந்த உறவை விட வேண்டாம். பயிர்க்கடனுக்குத் தேவையான பங்குத் தொகையும் சிறிய ஒரு தொகையும் சங்கத்தில் இருக்கட்டும். மீதியை அம்மா பெயரிலேயே ஒரு வங்கிக்கோ மத்திய கூட்டுறவு வங்கிக்கோ மாற்றுங்கள். இரண்டு டெபாசிட்டையும் முதிர்வு தேதி வரும்போது மாற்றினால் போதும். இடையில் உடைத்தால் வட்டியில் பிடித்துக்கொள்வார்கள், அதற்கு இப்போது அவசியம் எதுவும் இல்லை. மாற்றும் அன்றைக்கே வாரிசு நியமனத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.